வெண்முனை நகப்பூச்சு: அழகோடு கவனமும்

நகநுனியில் வெண்மையும் எஞ்சிய பகுதியில் இளஞ்சிவப்பும் தீட்டும் ‘ஃபிரெஞ்சு மெனிக்யூர்’ முறையைத் திருநின்றவூரில் தம் இல்லத்திலேயே செய்துகொள்வோர்க்குச் சில கூற விழைகிறோம்.

நகத்தின் அடியோரத்து மெல்லிய தோலை வெட்டாதீர்கள். கிருமிகளைத் தடுக்கும் அரண் அது. வெதுவெதுப்பான நீரில் விரல்களை நனைத்து, அதனை மெல்ல ஒதுக்கினால் போதும். நீரிழிவு உடையோர்க்கு அங்கு ஏற்படும் சிறு காயமும் நகச்சுற்றாக முற்றக்கூடும்.

அறுவைச் சிகிச்சைக்கு வருமுன் பூச்சை முற்றிலும் அகற்றிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. பூச்சு அவ்வொளியைத் தடுத்தால் அளவு பிழைபடலாம்; நகம் நீலம் பாய்ந்தாலும் எங்கள் கண்ணுக்குப் புலப்படாது. ஜெல் பூச்சோ ஒட்டுநகமோ இருப்பின், முன்னதாகவே செவிலியரிடம் தெரிவியுங்கள்.