ஃபெர்னஸ் விலைபோன கதை

ஃபெர்னஸ் என்ற கடலோர ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. 1983-இல் வந்த ‘லோக்கல் ஹீரோ’ படத்துக்காக ஸ்காட்லாந்தின் இரண்டு கரைகளை இணைத்து உருவாக்கிய ஊர் அது. வீடுகளும் படகுத்துறையும் வடகிழக்கே உள்ள பென்னன் கிராமம். படத்தில் ஊரை ஒட்டித் தெரியும் வெள்ளை மணல், நாட்டின் மறுகோடியில் மேற்குக் கரையிலுள்ள கேமஸ்டாரக்.

ஊரையே விலைக்கு வாங்க அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஆள் அனுப்புகிறது. ஊர்க்காரர்கள் கொடி பிடிக்கவில்லை. நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்பலாம் என்று உள்ளூர மகிழ்கிறார்கள். மணலில் குடிசை போட்டிருக்கும் கிழவர் பென் மட்டும் அசைந்துகொடுப்பதில்லை. அவர் பிடிவாதத்தால் சுத்திகரிப்பு ஆலை வராமல் போகிறது.

படம் பார்த்தவர்கள் பென்னனில் முதலில் தேடுவது சிவப்புத் தொலைபேசிக் கூண்டை. படத்தில் வந்தது செட் சாமான். பக்கத்தில் இருந்த நிஜக் கூண்டு பின்னர் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. கூண்டைவிட வீடுகள்தான் பார்க்க வேண்டியவை. பின்னால் செங்குத்தான மலைச்சரிவு, முன்னால் கடல், நடுவே ஒரே ஒரு வரிசை. பல வீடுகள் கடலுக்கு முகம் காட்டுவதில்லை. பக்கச்சுவரைத்தான் காட்டி நிற்கின்றன. அலை அறைந்தாலும் வாசலில் விழாது. 2007-இல் ஆபத்து பின்னாலிருந்து வந்தது: கனமழையில் சரிவு பெயர்ந்து சேறு இறங்க, குடியிருந்தவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

சற்று மேற்கே உள்ள குரோவி இன்னும் ஒடுக்கம். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைதான், கார் நுழையாது. பெட்டி படுக்கை, மளிகை எல்லாம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில்தான் போகும். 1953 ஜனவரிப் புயல் அடித்த அடியில் பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. அவர்கள் விட்டுப்போன வீடுகள் பிறகு விடுமுறை வீடுகளாயின.

புயலுக்கு முன்பே இந்தக் கரையின் மீன்பிடிப் பிழைப்பு ஆட்டம் கண்டிருந்தது. 1907-இல் ஸ்காட்லாந்து 25 லட்சம் பீப்பாய் ஹெர்ரிங் மீனை உப்பிட்டது. பெரும்பகுதி ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் போனது. முதல் உலகப் போர் அந்தச் சந்தைகளைக் குலைத்தது. பழைய வியாபாரம் திரும்பவேயில்லை.

படத்தில் வராத ஆபத்து நிஜத்தில் சத்தமில்லாமல் வந்துவிட்டது என்பதே என் கவலை. மொத்த ஊருக்கு விலை பேச ஒருவன் வந்தால் எதிர்த்து நிற்க ஒரு பென் கிடைப்பார். வீடு வீடாக, ஆண்டுக்கு ஒன்றாக விலைபோனால் யார் தடுப்பது? கதவருகே, விடுமுறைக்கு வருபவர்களுக்காக எண்பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி தொங்கினால், குளிர்காலத்தில் அங்கே அடுப்பெரியாது என்று அர்த்தம். வெளியூர்க்காரர்கள் வாங்கியிராவிட்டால் இந்தக் கூரைகள் எப்போதோ இடிந்திருக்கும் என்பாரும் உண்டு. கூரை நின்றது சரி, கீழே குடியிருப்பு எங்கே?

2024 ஏப்ரல் முதல் இரண்டாவது வீட்டுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கலாம் என்று ஸ்காட்லாந்து வழிசெய்திருக்கிறது. இன்னொரு வீடு வாங்க வசதியுள்ளவர் அதையும் கட்டிவிடுவார். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதைவிட உறுதியான ஏற்பாடு இருக்கிறது: கிராம வீட்டுவசதி அமைப்பு விற்ற வீடு மறுபடி விலைக்கு வந்தால், திரும்ப வாங்கும் முதல் உரிமை அந்த அமைப்புக்கே. அந்த அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து, இந்தக் கரையில் அடுத்து விலைக்கு வரும் வீடுகளை வாங்கச் செய்ய வேண்டும். ஆண்டு முழுவதும் குடியிருக்கப் போகிறவர்களுக்கு மட்டுமே அவற்றை விற்க வேண்டும்.