நாவின் கீழ் ஒரு குளிசை

பெரியம்மாவுக்கு நெஞ்சுநோ கண்ட அந்த இரவை நான் இன்றும் மறந்தேனல்லேன். அப்பொழுது நான் மேல்வகுப்பு மாணவன். ஆங்கிலம் படிக்கும் பிள்ளை என்று வீட்டார் மருந்துப் போத்தலை என் கையிலே தந்தனர். அதன்மேல் ஒட்டியிருந்த துண்டில் ‘சப்லிங்குவல்’ என்றொரு சொல் இருந்தது. எனக்குப் பொருள் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம் விடவில்லை. செம்பிலே தண்ணீர் கொடுத்துக் குளிசையை விழுங்கச் செய்தேன். நோ தணியவில்லை. இன்னொன்றும் விழுங்கினார், பயனில்லை. வாடகைக் கார் பிடித்து ஆசுபத்திரிக்கு விரைந்தோம். அங்கே வைத்தியர் அதே குளிசையில் ஒன்றை எடுத்து, “நாக்குக்குக் கீழே வையுங்கோ அம்மா, விழுங்க வேண்டாம்” என்றார். சில நிமிடங்களில் பெரியம்மாவின் முகம் தெளிந்தது.

மருந்தும் ஒன்று, நோயாளியும் ஒருவர். வேறுபட்டது மருந்து சென்ற வழி மட்டுமே. அந்த வேறுபாட்டின் காரணத்தைப் பின்னரே கற்றறிந்தேன்.

இரைப்பையிலும் குடலிலும் உறிஞ்சப்படும் பொருள்கள் நேரே இருதயத்தை அடைவதில்லை. அவற்றைச் சுமக்கும் குருதி, ஈரல்வாயினாளத்தின் வழியே முதலில் ஈரலுக்குச் செல்கிறது. ஈரலை உடலின் சுங்கச்சாவடி எனலாம். அங்குள்ள நொதியங்கள் வந்த பொருளைப் பிரித்தும் மாற்றியும் அனுப்புகின்றன. பெரியம்மா விழுங்கிய மருந்து நைத்திரோகிளிசரின். விழுங்கினால் அதன் பெரும்பகுதி ஈரலிலேயே சிதைந்துவிடும். இதனை முதற்கடப்பு அனுசேபம் என்பர். நாவின் கீழுள்ள நாளங்களோ ஈரலைத் தொடாமல், கழுத்து நாளங்களின் வழியாக இருதயத்தை அடைவன. ஆதலால் அங்கே கரையும் மருந்து இரண்டு மூன்று நிமிடங்களிலேயே வேலை செய்கிறது. அது குருதியமுக்கத்தைத் தாழ்த்துவதால், நோயாளியை இருத்தி வைத்தே கொடுத்தல் வேண்டும்.

புரொப்பிரனலோல் என்னும் மருந்தை நாளத்தில் ஏற்றுவதாயின் 1 மில்லிகிராம் அளவே கொடுப்பர். வாயால் கொடுப்பதாயின் 40 மில்லிகிராம் வேண்டியிருக்கும். ஈரல் பிடித்துக்கொள்ளும் பங்கு அத்துணை பெரிது. எனினும் ஈரல் மருந்துக்குப் பகையன்று. கோடீன் என்னும் நோவாற்றி, ஈரலில் ஒரு பகுதி மோர்பீனாக மாறிய பின்னரே வலியைப் போக்குகிறது. ஈரல் நோயுற்றவருக்கோ வழக்கமான அளவே மிகையாகிவிடலாம்.

மருந்துக்கு வழி வகுத்தல் நமக்குப் புதிதன்று. சித்த வைத்தியம் அகமருந்து 32, புறமருந்து 32 என வகுத்து, நசியத்தையும் பீச்சையும் புறமருந்துகளுள் வைத்தது. ஈரலின் இந்த வேலையை முன்னோர் அறிந்திருந்தனர் என்று நான் சொல்ல வரவில்லை. எம்மருந்தை எவ்வழியால் இடுவது என்ற கேள்வி நம் மொழிக்குப் பழக்கமானது என்பதே என் கருத்து.

நைத்திரோகிளிசரினை இத்தாலியரான சொப்ரேரோ ஆக்கியது 1847இல். நாவில் சிறிது பட்டதும் கடுந்தலையிடி உண்டாவதை அவரே கண்டார். அதனை நெஞ்சுநோ மருந்தாக இலண்டனில் மறல் என்னும் வைத்தியர் 1879இல் எழுதி நிலைநாட்டினார். அதே 1847இலேதான் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயிலே தமிழ் மாணவருக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களை வெளிக்கொணர்ந்தார். நோயாளிக்கும் வைத்தியனுக்கும் இடையே அந்நிய மொழி நிற்கலாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் அன்றோ?

அவர் உழைத்த மண்ணிலே, ஓர் ஆங்கிலச் சொல்லின் முன் நான் ஊமையாய் நின்றேன். ‘நாவின் கீழ்’ என்னும் இரண்டு தமிழ்ச் சொற்கள் அத்துண்டில் இருந்திருந்தால், பெரியம்மா அந்த ஒரு மணி நேரம் துடித்திருக்கமாட்டார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறியாத சொல்லுக்குப் பொருள் கேட்பது இழிவன்று என்று மாணவர்க்குச் சொல்லுங்கள். என் வெட்கத்தின் விலையைப் பெரியம்மாவே கொடுத்தார். அதன்பின் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தது என் நற்பேறு.