துளிப் பெற்றோலும் வனாந்தரப் பாதையும்

எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் வனாந்தரப் பாதையை அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். எத்தியோப்பிய மந்திரிக்கு இரதம் இருந்தது. பிலிப்புவோ ஓடிச் சென்றே அதை எட்டினார்.

நம்மிடமும் அத்தகைய பாதை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்குச் செல்வோர் பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில் படகேற வேண்டும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான கடல்வழிச் சாலையில் நிழலில்லை. இருபுறமும் நீர், குடிக்கவோ ஒரு மிடறும் இல்லை. அங்கே பழைய வாகனம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

1990இல் போர் மீண்டும் மூண்டபின் தீவுகளுக்கான இந்தப் பாதை துண்டிக்கப்பட்டது. குடாநாட்டுக்குப் பெற்றோலும் தடைசெய்யப்பட்டது. அப்போது அங்கே எவை ஓடின தெரியுமா? 1950களின் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள், அதுவும் மண்ணெண்ணெயில்! குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதைத் தாங்கின; புதியவை தட்டித் திணறின. புகையையும் நாற்றத்தையும் குறைசொல்ல அன்று யாருக்கு மனம் வந்தது? பிரசவ வேதனையோடு வைத்தியசாலைக்குச் சென்ற தாய்மாரையும் இக்கார்கள் சுமந்தன.

வனாந்தரத்தில் 40 வருடம் நடந்த இஸ்ரவேலரின் பாதரட்சைகள் தேயவில்லை என்று உபாகமம் 29ஆம் அதிகாரம் அறிவிக்கிறது. ஒஸ்ரினுக்கு அந்தச் சலுகை இல்லை. தேய்ந்த பாகங்களைப் பட்டறையில் கடைந்தே பொருத்த வேண்டியிருந்தது.

பெற்றோலை ஓட்டுநர்கள் மருந்துபோல் சிறு போத்தலில் காத்தார்கள். நள்ளிரவில் யாரேனும் கதவைத் தட்டினால், விளக்கொளியில் முதலில் தூக்கிப் பார்த்தது அந்தப் போத்தலைத்தான்.