காணாமல் போன மூன்று மணி நேரம்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991, 92-இல் பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்கள் 14,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ‘தொண்ணூறுகளின் பிள்ளைகள்’ என்பது அதன் செல்லப்பெயர். பிறந்த குழந்தைகளை அன்றிலிருந்து விடாமல் கவனித்து வருகிறார்கள். 11, 15, 24 வயதுகளில் அவர்களில் பலருடைய இடுப்பில் ஒரு சின்னக் கருவியைச் சில நாட்கள் கட்டிவிட்டார்கள். உடம்பு அசைவதை நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

11 வயதில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போல உட்கார்ந்திருந்தவர்கள், 24 வயதில் 9 மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டை விட்டிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மூச்சு வாங்க ஓடியாடும் நேரம் அப்போதும் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு, பிறகும் ஏறக்குறைய அவ்வளவே. தேய்ந்துபோனது இலேசான நடமாட்டம். அறைக்கு அறை போவது, கடைக்கு மெல்ல நடப்பது என்று 6 மணி நேரம் இருந்தது, பாதியாகிவிட்டது. அந்த மூன்று மணி நேரம் அப்படியே நாற்காலிக்குப் போயிருக்கிறது.

கிழக்கு ஃபின்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அக்பாஜே இந்தத் தரவுகளை அலசினார். உட்காரும் நேரம் கூடியவர்களிடம் உடல் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் கூடியிருந்தன. எடையும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தவர்களிடம்கூட இதயத்தின் இடது கீழறைத் தசை கனத்திருந்தது. இலேசான நடமாட்டம் அதிகம் உள்ளவர்களிடம் இவை குறைவு.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா வயதிலும் அளவுகள் கிடைத்தவர்கள் சில நூறு பேர்தான். இடுப்பில் கட்டிய கருவிக்கு நிற்பதும் உட்காருவதும் ஏறக்குறைய ஒன்று. சைக்கிள் மிதிப்பதை அது பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும். கவனித்துச் சொல்லும் ஆய்வு என்பதால், எது காரணம் எது விளைவு என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நல்ல உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் கணக்கைத் திரட்டிப் பார்த்ததில், 2016-இல் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அதை எட்டவில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பில்லை. அந்த பீரியடை மீட்கத்தான் வேண்டும். ஆனால் அது கிடைத்துவிட்டால் மற்ற ஏழு பீரியடும், சாயங்கால டியூஷனும், ராத்திரி செல்போனும் சரியாகிவிடுமா என்பதுதான் என் கேள்வி.

உட்கார்ந்தே இருந்தால் உள்ளே என்னதான் நடக்கிறது? சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் கணிசமான பங்கைத் தசைகள் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையை உள்ளே விடும் ‘குளூட்-4’ என்ற புரதம் தசைச் செல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்தால் செல்லின் மேற்பரப்புக்கு வரும். தசை சுருங்கி விரிந்தாலும் வரும், அதற்கு இன்சுலின் தயவு தேவையில்லை. கால்தசைகள் சும்மா கிடந்தால் முழுப் பாரமும் இன்சுலின் தலையில். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். இளம் வயதில் ஈடுகட்டியும்விடும் என்பதால் சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 7 முதல் 11 வயது வரையிலான, சரியான எடையுள்ள 28 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். ஒரு நாள் குளுக்கோஸ் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இன்னொரு நாள் அதே மூன்று மணி நேரத்தில், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து மூன்று நிமிடம் சற்று வேகமாக நடக்க வேண்டும். நடந்த நாளில் உடம்புக்குத் தேவைப்பட்ட இன்சுலின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியது. பிறகு மதியச் சாப்பாட்டை விதவிதமாகப் பரப்பி வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நடந்த நாளில் பசி என்று அவர்கள் மொத்தத்தில் கூடுதலாக அள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை.