கைபேசி காட்டும் வரப்பு

திருவாரூர்ப் பக்கம் இப்போ வரப்புத் தகராறு வந்தால் முதலில் வெளியே வருவது கைபேசிதான். "மேப்புல என் வயல் வாய்க்கால் வரைக்கும் இருக்கே!" என்பார்கள். திறந்த வெளியிலேயே கைபேசி ஜி.பி.எஸ். ஏறத்தாழ 5 மீட்டர் பிசகும். தென்னந்தோப்புக்குள் இன்னும் கூடும். 200 அடி நீள வரப்பு 5 மீட்டர் தள்ளிப்போனால் 22 குழிக்கு மேல் போச்சு!

வரைபடத்திலும் சிக்கல் உண்டு. பழைய இந்திய வரைபடங்கள் 1830-இல் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமி வடிவத்தை வைத்து வரைந்தவை, ஜி.பி.எஸ். பயன்படுத்துவது 1984-இல் வகுத்த வேறு கணக்கு. இரண்டையும் சரிசெய்யாமல் ஒட்டினால், நம்ம ஊரில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். புலப்படமோ சங்கிலி பிடித்து, கல்லுக்குக் கல் அளந்தது.

வரப்பை வெட்டுறதுக்கு முன்னாடி, இ-சேவை மையத்தில் நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். அளவர் வரும்போது பக்கத்து வயல்காரரும் கூட இருக்கட்டும்.