சுவிட்ச் ஆஃப் பண்ணியும் எல்இடி பல்பு மினுங்குதா? போர்டுக்குள் என்ன நடக்கிறது?

ராத்திரி லைட்டை ஆஃப் பண்ணிட்டுப் படுத்தாலும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்கிக்கொண்டே இருக்கும். சில வீடுகளில் சில நொடிகளுக்கு ஒருமுறை கண்ணடிக்கும். பல்பு மட்டம்னு நினைத்து மாற்றுவோம். புதுசும் அதையேதான் செய்யும். கோளாறு பெரும்பாலும் பல்பில் இல்லை, சுவிட்ச் போர்டில்.

சுவிட்ச், பிளக் பாயிண்ட், ஃபேன் ரெகுலேட்டர், இண்டிகேட்டர் எல்லாமே நம்ம ஊர் போர்டுகளில் ஒரே பிளேட்டில் இருக்கும். இருட்டில் தெரியட்டும் என்று சுவிட்சிலேயே குட்டி விளக்கு வைத்த மாடல்தான் முதல் சந்தேகம். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது அந்தக் குட்டி விளக்கு வழியாக மிகச் சிறிய கரண்ட் பல்புக்குப் போகும். 60 வாட்ஸ் குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. 9 வாட்ஸ் எல்இடிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அதைச் சேர்த்துவைத்து, நிரம்பியதும் ஒரு ஃபிளாஷ் அடிக்கும். இதில் ஆபத்தில்லை. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் போதும்.

இண்டிகேட்டரே இல்லாமல் மினுங்கினால்தான் கவனிக்கணும். லைன் போகவேண்டிய சுவிட்சில் நியூட்ரலைக் கொடுத்திருக்கலாம். அப்படி இருந்தாலும் பல்பு வழக்கம்போல எரியும், அணையும். ஆனால் ஆஃப் செய்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். 'சுவிட்சை அணைச்சாச்சே' என்று ஸ்டூலில் ஏறி பல்பைக் கழற்றுகிறவருக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான். அதனால் பல்பு மாற்றும்போதும் மெயினை அணைப்பது நல்லது.

இதைச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுவிட்சை ஆஃபில் வைத்து டெஸ்டர் வைத்தால் ஏமாந்துபோவோம். நியூட்ரல் மாறியிருந்தாலும் பல்பு வழியாகத் திரும்பி வரும் லைனால் டெஸ்டர் எரியும். ஆன் செய்து, பல்பு எரியும்போது சுவிட்ச் முனையில் வைக்கணும். டெஸ்டர் எரிந்தால் லைன் சரி. பல்பு எரிந்தும் டெஸ்டர் எரியலைன்னா, சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலைத்தான். பிளேட்டைத் திறந்து, கரண்ட் ஓடும்போது செய்யும் சோதனை இது. எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள், இப்படிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாடிப்படி டூ-வே சுவிட்சிலும் மினுங்கல் வரும். இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடும் இரண்டு ஒயர்களில் ஒன்றில் எப்போதும் லைன் இருக்கும். பக்கத்து ஒயரிலும் கொஞ்சம் தூண்டல் ஏறும். கீழ் சுவிட்ச் ஒரு நிலையில் இருந்தால்தான் மேல் சுவிட்ச் வேலை செய்கிறதா? அது வேறு கோளாறு: காமன் முனையில் போகவேண்டிய ஒயர் இடம் மாறியிருக்கும்.

ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. அது எப்போதும் உயிரோடு இருக்க நியூட்ரல் வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். கட்டில் பக்கத்து டூ-வே பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் இல்லாமலே ஓடும் மாடல்கள் பல்பு வழியாகவே கரண்டை இழுக்கும், அதனால் எல்இடி மினுங்கும். அதற்குத்தான் பெட்டியிலேயே ஒரு குட்டி கெப்பாசிட்டர் தருகிறார்கள். பல்புக்கு இணையாக மாட்டணும். சிலர் 'நியூட்ரல் இல்லைன்னா என்ன, எர்த் இருக்கே' என்று பச்சை ஒயரை இழுத்துக் கொடுப்பார்கள். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். எர்த் எங்காவது விட்டுப்போனால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பில் கரண்ட் ஏறும்.

சிவப்பு, மஞ்சள், நீலம் லைன்; கறுப்பு நியூட்ரல்; பச்சை எர்த் என்பது இங்குள்ள வழக்கம். பழைய வீட்டில் நிறத்தை நம்பவேண்டாம், கையில் கிடைத்த ஒயரை இழுத்திருப்பார்கள். மெயினை அணைத்து போர்டைத் திறந்ததும், ஒரு ஒயரைக்கூடக் கழற்றும் முன்பு போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.