யாரோ, யாராவது, யாரும்: டச்சுல எப்படிச் சொல்றது?

டச்சு கத்துக்க ஆரம்பிச்ச முதல் வாரத்துல எண்கள், கிழமைகள், 'என் பேரு இது' வரைக்கும் எல்லாரும் வந்துடுவாங்க. அதுக்கப்புறம் 'யாரோ கதவைத் தட்டுறாங்க', 'சாப்பிட எதுவும் இல்ல' மாதிரி ரொம்பச் சாதாரணமான ஒரு வாக்கியத்துல வண்டி நின்னுடும். ஆள் யார்னும் பொருள் எதுன்னும் குறிப்பிடாம பேச உதவுற இந்தச் சின்னச் சொற்களைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

டச்சு எதுக்குன்னு கேக்கலாம். டெல்ஃப்ட், ஐந்தோவன்னு விண்ணப்பம் போடுறவங்க நம்ம காலேஜ்லயும் இருக்காங்க. அங்க மாஸ்டர்ஸ் பாடம் பெரும்பாலும் இங்கிலீஷ்லயே நடக்குது, சரி. ஆனா கடைப் பலகையும், வீட்டுக்காரர் ஒட்டுற நோட்டீஸும் டச்சுலதான் இருக்கும். இன்னொண்ணு, இது நமக்கு முழுசா அந்நியமான மொழியும் இல்ல. 17-ஆம் நூற்றாண்டுல பழவேற்காட்டுல கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பல் கப்பலா ஏத்திட்டுப் போனவங்கதான் டச்சுக்காரங்க. நாம சொல்ற 'துட்டு', 'கக்கூஸ்' ரெண்டும் அவங்க விட்டுட்டுப் போன சொற்கள். யாழ்ப்பாணத்துல வேலை பார்த்த பால்டேயுஸ்ங்கிற டச்சுப் பாதிரியார் 1672-ல ஆம்ஸ்டர்டாம்ல வெளியிட்ட புத்தகத்துல தமிழ் மொழிக்கு ஒரு அறிமுகம் கூட இருக்கு. அவங்க அப்போ நம்ம மொழியைக் கத்துக்கிட்டாங்க, இப்போ நம்ம முறை.

டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்துல, காதுக்குக் கேக்குற மாதிரி எழுதியிருக்கேன். 'ஹவ்ஸ்', 'ஹெட்' ரெண்டையும் தவிர, 'ஹ' வர்ற இடத்துல எல்லாம் தொண்டையைக் கொஞ்சம் கரகரன்னு வெச்சுக்கோங்க.

உதாரணத்துக்கு எங்க ஆரணிப் பக்கம் வாங்க. இங்க திருமலைன்னு ஒரு ஊர் இருக்கு. திருப்பதி இல்ல, ஈழத்துல திருகோணமலையைச் சுருக்கிச் சொல்ற திருமலையும் இல்ல. சமணக் கோயில்களும், மலையில செதுக்குன பெரிய நேமிநாதர் சிலையும் இருக்கிற திருமலை. கீழ நின்னு மேல பாக்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. தமிழ்ல மூணு விதமாச் சொல்லலாம்:

மேல யாரோ நிக்கிறாங்க.
மேல யாராவது இருக்காங்களா?
மேல யாரும் இல்ல.

'யார்'ங்கிற கேள்விச் சொல் ஒண்ணுதான். அதோட 'ஓ' சேர்ந்தா ஆள் இருக்காங்க, ஆனா யார்னு தெரியல. 'ஆவது' சேர்ந்தா ஆள் இருக்காங்களான்னே தெரியல, யாரா இருந்தாலும் சரி. 'உம்' சேர்ந்து பின்னாடி 'இல்ல' வந்தா ஒருத்தர் கூட இல்ல. தினமும் நூறு தடவை பேசுற இந்த மூணு வாலை, இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நம்மள்ல பலர் கவனிச்சே இருக்க மாட்டோம். ஆனா டச்சு கத்துக்க இங்கிலீஷை விட இதுதான் நல்ல ஏணி.

இப்போ அதே மூணும் டச்சுல:

எர் ஸ்டாட் ஈமன்ட்.
இஸ் எர் ஈமன்ட்?
எர் இஸ் நீமன்ட்.

'யாரோ', 'யாராவது' ரெண்டுக்கும் ஒரே சொல்தான்: ஈமன்ட். இங்கிலீஷ்ல சாதாரண வாக்கியத்துக்கு ஒண்ணு, கேள்விக்கு இன்னொண்ணுன்னு படிச்சு வளர்ந்த பழக்கத்துல டச்சுலயும் ரெண்டாவது சொல்லைத் தேடாதீங்க. 'யாரோ'வுக்கும் 'யாராவது'க்கும் உள்ள வித்தியாசத்தை அங்க சந்தர்ப்பம் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்க. என்னைக் கேட்டா, இந்த விஷயத்துல தமிழ்தான் துல்லியம்.

'எர்' எதுக்குன்னு தோணும். அதுக்குத் தனியா அர்த்தம் தேடாதீங்க. பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அது மாதிரி. யார்னு குறிப்பிடாத ஆளோ பொருளோ எழுவாயா வரும்போது, வாக்கியத்தோட முதல் இடத்துல டச்சுக்காரங்க பொதுவா 'எர்'னு ஒரு துண்டு போட்டு வைப்பாங்க. கேள்வியில அது வினைக்குப் பின்னாடி போயிடும்.

இப்போ முக்கியமான இடம். ஈமன்டும் நீமன்டும் ஒரே ஒரு 'ந' ஒலியாலதான் வேறுபடுது. அந்த 'ந'தான் 'இல்ல'. இது ஒரு குடும்பமே:

ஈமன்ட் யாரோ, நீமன்ட் யாரும் இல்ல. ஈட்ஸ் ஏதோ, நீட்ஸ் எதுவும் இல்ல. எர்ஹன்ஸ் எங்கேயோ, நெர்ஹன்ஸ் எங்கேயும் இல்ல. ஓய்ட் எப்பவாவது, நோய்ட் எப்பவும் இல்ல.

நாலு சொல் மனப்பாடம் பண்ணா எட்டு கிடைக்குது. ஆனா கண்ணி வெடியும் இங்கதான். தமிழ்ல 'யாரும்'ங்கிற சொல்லுக்குள்ள மறுப்பு கிடையாது, அது வினையில உக்காந்திருக்கு: யாரும் வேலை செய்யல. டச்சுல மறுப்பு பெயருக்குள்ளேயே போயிடுச்சு: நீமன்ட் வெர்க்ட். வினை சும்மா 'வேலை செய்யுது'ன்னுதான் நிக்குது. நம்ம பாஷையில சொன்னா, தமிழ் நாட் கேட்டை அவுட்புட்ல வைக்குது, டச்சு இன்புட்லயே வெச்சுடுது. தமிழ்ப் பழக்கத்துல வினையிலயும் ஒரு 'நீட்' (அதாவது 'இல்ல') சேர்த்தா ரெண்டு இன்வெர்ட்டர் ஆயிடும், சிக்னல் பழையபடி திரும்பிடும். 'நீமன்ட் வெர்க்ட் நீட்'னா வேலை செய்யாதவங்க யாருமே இல்ல, எல்லாரும் செய்யுறாங்கன்னு அர்த்தம். லேப்ல 'யாரும் இதைத் தொடக் கூடாது'ன்னு எழுத வேண்டிய இடத்துல இப்படி எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

இங்கிலீஷும் இங்க காப்பாத்தாது. அதுலயும் மறுப்பை வினையில வெச்சு, பின்னாடி பொதுச் சொல்லைப் போடுற பழக்கம் உண்டு. டச்சுல 'எனக்கு எதுவும் தெரியல, கண்ணுக்கு ஒண்ணும் படல'ங்கிறதுக்கு 'இக் ஸீ நீட்ஸ்' மட்டும்தான். நீட், நீட்ஸ் ரெண்டையும் குழப்பிக்காதீங்க: முதலாவது 'இல்ல', ரெண்டாவது 'எதுவும் இல்ல'. கூடவே ஒரு பெயர்ச்சொல் வந்தா ரெண்டும் வேண்டாம், 'ஹேன்' போதும். ஹேன் டைட்னா நேரம் இல்ல.

'எல்லாரும்' அடுத்த வம்பு. நாம 'எல்லாரும் வந்தாங்க'ன்னு பன்மையில சொல்றோம். டச்சுல 'ஈடரேன்' ஒருமை: ஈடரேன் கொம்ட். ஆயிரம் பேர் வந்தாலும் வினை ஒருத்தர் வந்த மாதிரியே இருக்கும். 'அல்லஸ்'னா எல்லாப் பொருளும். அதுவும் ஒருமைதான், அது நமக்குப் பழக்கம்: அல்லஸ் இஸ் க்ளார், எல்லாம் ரெடி. 'ஒவ்வொரு'ங்கிறதுக்கு எல்க், எல்கன்னு ரெண்டு வடிவம். வீட்டுக்கு எல்க் ஹவ்ஸ், தெருவுக்கு எல்க ஸ்ட்ராட். 'ஹெட்' போட்டுக்கிற பெயர்களுக்கு எல்க், 'டெ' போட்டுக்கிறதுக்கு எல்க. எந்தப் பெயர் எதைப் போட்டுக்கும்னு சொல்லோட சேர்த்தே மனப்பாடம் பண்றதுதான் வழி.

குந்தவை ஜினாலயம்னு ஒரு கோயில் திருமலையில இருக்கு. ராஜராஜனோட அக்கா குந்தவை கட்டினதுன்னு சொல்றாங்க. இந்தச் 'சொல்றாங்க'வுல யார் சொல்றாங்கன்னே கிடையாது, கவனிச்சீங்களா? டச்சுல எழுவாய் இல்லாம அப்படி விட முடியாது. எழுத்துல 'மென் ஸெஹ்ட்'னு வரும், பேச்சுல 'ஸெ ஸெஹன்'. 'மென்' கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட சொல். நண்பர்களோட பேசும்போது பொதுவா யாரையும் குறிக்க 'நீ'ங்கிற அர்த்தமுள்ள 'யெ'யைத்தான் போடுவாங்க. யெ வேட் மார் நோய்ட்: என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்!

கடைசியா ஆரணியில பட்டுப் புடவை எடுக்கப் போவோம். ஈட்ஸ், நீட்ஸ் பின்னாடி வர்ற பண்புச் சொல் ஒரு 'ஸ்' வாலைப் போட்டுக்கும். மோய்னா அழகு, ஈட்ஸ் மோய்ஸ்னா அழகா ஏதாவது. சிவப்பா ஏதாவது வேணும்னா ஈட்ஸ் ரோட்ஸ். வேற ஏதாவது காட்டுங்கன்னா ஈட்ஸ் அன்டர்ஸ். கடைக்காரர் 'ஏதாவது குடிக்கிறீங்களா?'ன்னு கேட்டா, பேச்சு டச்சுல ஈட்ஸுக்குப் பதில் 'என்ன'ங்கிற கேள்விச் சொல்லையே போடலாம்: வில் யெ வட் ட்ரிங்கன்? நம்ம 'என்ன'வும் 'என்னமோ'வும் மாதிரிதான், வால் மட்டும் இல்ல.

அந்த 'ஸ்' விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. 'இக் ஃபின்ட் நீட்ஸ் மோய்ஸ்'னா, தேடிப் பார்த்தேன், அழகா எதுவும் கிடைக்கல. 'ஸ்'ஸை விட்டுட்டு 'இக் ஃபின்ட் நீட்ஸ் மோய்'னு சொன்னா, இங்க இருக்கிற எதுவுமே எனக்கு அழகாப் படல. ரெண்டாவதைச் சொல்லிட்டு அந்தக் கடையில தள்ளுபடி கேக்காதீங்க.